அழிப்பு உத்தரவுக்குத் தப்பிய படச்சுருள்கள்

தொலைந்துபோன படங்கள் என்றதும், எளிதில் தீப்பற்றும் நைட்ரேட் சுருள்களும் கிடங்குகளை எரித்த விபத்துகளும் போர்க்காலக் குண்டுவீச்சுமே பெரும்பாலோருக்கு நினைவில் எழும். 1960களின் பிரிட்டிஷ் தொலைக்காட்சிக்கு நேர்ந்த இழப்பு அந்த வகையைச் சேர்ந்ததன்று. மக்கள் வாரந்தோறும் வீட்டில் கூடி அமர்ந்து பார்த்த நாடகங்களும் நகைச்சுவைத் தொடர்களும் இசை நிகழ்ச்சிகளும், ஒளிபரப்பிய நிறுவனங்களாலேயே, அலுவலக நடைமுறை வழுவாமல் அழிக்கப்பட்டன. அவற்றை மீட்கும் தேடல் 1970களின் இறுதியில் தொடங்கி இன்றும் நடந்துவருகிறது. இதுவரை மீண்டவை எங்கெங்கே கிடைத்தன என்று தொகுத்துப் பார்த்தால், அவற்றுள் பெரும்பாலானவை நடைமுறையின் கைக்கு எட்டாத இடங்களில், யாரோ ஒருவர் உத்தரவை நிறைவேற்றாமல் விட்டதனாலோ, நிறைவேற்ற மறந்ததனாலோ பிழைத்திருந்தன என்பது தெரியவருகிறது.

அழிப்பின் காரணங்களைப் புரிந்துகொள்ள அக்காலத் தொழில்நுட்பத்தை ஓரளவு அறிந்துகொள்ள வேண்டும். அமெரிக்காவின் ஆம்பெக்ஸ் நிறுவனம் 1956இல் அறிமுகப்படுத்திய ஒளிநாடா இரண்டு அங்குல அகலம் கொண்டது. சுழலும் உருளையில் பொருத்தப்பட்ட நான்கு காந்தத் தலைகள் அதன் மீது குறுக்காகப் படத்தைப் பதிவுசெய்யும். நாடா மிக விலை உயர்ந்தது என்பதோடு, பதிவை அழித்துவிட்டுத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம் என்பதும் அதன் சிறப்பாகவே கருதப்பட்டது. தொகுப்பதற்காக நாடாவை வெட்டி ஒட்டினால் அதன் மறுபயன்பாட்டு மதிப்புக் குறைந்துவிடும் என்பதால், வெட்டுவதைக்கூட இயன்றவரை தவிர்த்தார்கள். வெளிநாட்டு நிலையங்களுக்கு நிகழ்ச்சிகளை விற்பதற்கு வேறொரு வழி இருந்தது. நாடாவை ஓடவிட்டு, தனியே அமைக்கப்பட்ட திரையில் தெரியும் படத்தை 16 மில்லிமீட்டர் திரைப்படச் சுருளில் படம்பிடிப்பார்கள். டெலிரெகார்டிங் எனப்பட்ட இம்முறையில் உருவான சுருள்களை, எந்த நாட்டு ஒளிபரப்புத் தரத்தைச் சேர்ந்த நிலையமும் தன் கருவியில் இட்டு ஒளிபரப்பிவிட முடிந்தது.

ஒரே நிகழ்ச்சி இவ்வாறு நாடாவாகவும் சுருளாகவும் இரு வடிவங்களில் இருந்ததுதான் பின்னர் வினையாகவும் விமோசனமாகவும் ஆயிற்று. பிபிசியில் நாடாக்கள் பொறியியல் பிரிவின் பொறுப்பு. விற்பனைச் சுருள்கள் பிபிசி என்டர்பிரைசஸ் என்ற வணிகப் பிரிவின் பொறுப்பு. திரைப்பட நூலகமோ, தொடக்கத்திலேயே படச்சுருளில் எடுக்கப்பட்டவற்றைக் காப்பதையே தன் கடமையாகக் கொண்டிருந்தது. சுருள்கள் இருக்கின்றனவே என்று நாடாக்கள் அழிக்கப்பட்டன. விற்பனை உரிமைக் காலம் முடிந்துவிட்டதே, மூலம் வேறெங்கோ பத்திரமாக இருக்குமே என்று சுருள்கள் எரிக்கப்பட்டன. எக்விட்டி என்ற நடிகர் சங்கம், பழைய நிகழ்ச்சிகளையே மீண்டும் மீண்டும் காட்டினால் புதிய வேலைவாய்ப்பு சுருங்கும் என்ற நியாயமான அச்சத்தால், மறு ஒளிபரப்புக்குக் கடுமையான வரம்புகளை ஏற்படுத்தியிருந்தது. 1967இல் பிபிசியின் இரண்டாம் அலைவரிசையிலும் 1969இல் முதல் அலைவரிசையிலும் வண்ண ஒளிபரப்பு வந்ததும், கறுப்பு வெள்ளை நிகழ்ச்சிகளை இனி எவரும் வாங்கமாட்டார்கள் என்ற எண்ணம் வலுப்பெற்றது. வீட்டில் நாடாவைப் போட்டுப் பார்க்கும் கருவி அப்போது பரவலாகவில்லை. நாடாவை அழித்த ஊழியரை மூடர் என்று பழிப்பது அநியாயம். அவர் தமக்கு இடப்பட்ட வேலையைச் செய்தார். காக்கும் வேலைக்கு நிறுவனம் எவரையும் நியமிக்காததே குற்றம். அத்தகைய பொறுப்புக்குச் சூ மால்டன் என்ற அலுவலர் நியமிக்கப்பட்டது 1978இல்தான். அதற்குள் இழக்க வேண்டியவற்றில் பெரும்பகுதி இழக்கப்பட்டுவிட்டது.

இழப்பின் அளவைக் காட்டுவதற்கு 'டாக்டர் ஹூ' என்ற அறிவியல் புனைவுத் தொடரே தகுந்த சான்று. 1963 நவம்பர் 23 அன்று தொடங்கிய இத்தொடர், 1969 வரையிலான தன் முதல் ஆறு ஆண்டுகளில் 253 அத்தியாயங்களைக் கண்டது. அவை ஒளிபரப்பான மூல நாடாக்களில் ஒன்றுகூட இன்று இல்லை. 1967 முதல் 1970களின் நடுப்பகுதி வரை அவை படிப்படியாக அழிக்கப்பட்டன. இன்று பார்க்கக் கிடைப்பவை அனைத்தும் சுருள்களிலிருந்து மீண்டவையே, அவையும் போக 90க்கும் மேற்பட்ட அத்தியாயங்கள் இன்னும் காணவில்லை. இத்தொடர் தனித்த பலியுமன்று. பாப் டிலன் அமெரிக்காவுக்கு வெளியே அதிகம் அறியப்படாத இளைஞராக லண்டனுக்கு வந்து நடித்துப் பாடிய, 1963 ஜனவரியில் ஒளிபரப்பான 'மேட்ஹவுஸ் ஆன் காசில் ஸ்ட்ரீட்' நாடகம் 1968இல் அழிக்கப்பட்டது. பீட்டர் குக், டட்லி மூர் இணையின் நகைச்சுவைத் தொடரிலும் பல அத்தியாயங்கள் அவ்வாறே போயின. நாடாவின் விலையைத் தாமே தருவதாகக் குக் முன்வந்தும் பயனில்லை.

தேடுவோரின் முதல் கருவி விற்பனைப் பதிவேடு. எந்தத் தொடர் எந்த நாட்டுக்கு எப்போது விற்கப்பட்டது என்ற தாள்கள் கிடைத்தால், சுருள் சென்ற பாதையை ஓரளவு வரைந்துவிடலாம். ஒவ்வொரு நாட்டுக்கும் புதுப் பிரதி எடுப்பது செலவு மிக்கது என்பதால், ஒரு நிலையம் ஒளிபரப்பி முடித்த சுருள்களை அடுத்த நாட்டுக்கு அனுப்பிவைக்கும் வழக்கம் இருந்தது. 'டாக்டர் ஹூ' தொடர் இவ்வாறு ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, ஹாங்காங், சிங்கப்பூர், சைப்ரஸ், நைஜீரியா என்று பல நாடுகளில் வலம்வந்தது. ஒளிபரப்பு முடிந்ததும் சுருளைத் திருப்பி அனுப்ப வேண்டும், அல்லது அழித்துவிட்டதாகச் சான்றளிக்க வேண்டும் என்பது ஒப்பந்தம். ஒப்பந்தத்தை ஒழுங்காகக் கடைப்பிடித்த நிலையங்களில் எதுவும் மிஞ்சவில்லை. கடைப்பிடிக்கத் தவறிய நிலையங்களிலிருந்தே மீட்பு வந்தது: 1980களின் நடுப்பகுதியில் சைப்ரசிலிருந்தும் நைஜீரியாவிலிருந்தும் சில கதைகள் திரும்பின, 1967இல் ஒளிபரப்பாகி, முற்றாக அழிந்ததென்று கைவிடப்பட்டிருந்த 'தி டூம் ஆஃப் தி சைபர்மென்' 1992இல் நான்கு அத்தியாயங்களும் குறையாமல் ஹாங்காங்கிலிருந்து வந்துசேர்ந்தது. பிலிப் மாரிஸ் என்ற தேடலர் ஆப்பிரிக்க நிலையங்களின் கிடங்குகளை நேரில் சென்று பார்வையிட்டு வந்ததன் பயனாக, நைஜீரியாவின் ஜோஸ் நகரிலிருந்து, அதுவரை காணாதிருந்த ஒன்பது அத்தியாயங்கள் கிடைத்ததாக 2013 அக்டோபரில் அறிவிக்கப்பட்டது. 'தி எனிமி ஆஃப் தி வேர்ல்ட்' அதனால் முழுமை பெற்றது, 'தி வெப் ஆஃப் ஃபியர்' மூன்றாம் அத்தியாயம் ஒன்று மட்டும் குறைய மீண்டது.

பதிவேடு காட்டாத இடங்களிலும் சுருள்கள் இருந்தன. 1983இல் லண்டனில் மார்மன் சபைக்குரிய கட்டடம் ஒன்றின் நிலவறையில், 'தி டாலெக்ஸ் மாஸ்டர் பிளான்' கதையின் இரு அத்தியாயங்கள் அகப்பட்டன. 1999இல் வெளிப்பட்ட 'தி லயன்' என்ற அத்தியாயம், நியூசிலாந்தில் குப்பைக்குப் போகவிருந்த சுருள்களிலிருந்து காப்பாற்றப்பட்டுத் தனியார் கைகளில் சுற்றிவந்தது. 2011இல் திரும்பிய இரு அத்தியாயங்களோ, ஓய்வுபெற்ற ஒளிபரப்புப் பொறியாளர் ஒருவர் 1980களில் பள்ளி விழாச் சந்தையில் வாங்கியவை. தம்மிடம் இருப்பது அரிய பொருள் என்பதே அவருக்கு நெடுங்காலம் தெரியாது.

இந்தத் தேடலின் மிக வியத்தகு பக்கம் ஆஸ்திரேலியத் தணிக்கைத் துறையிலிருந்து வந்தது. குழந்தைகளை அச்சுறுத்தும் என்று கருதப்பட்ட காட்சிகளை அந்நாட்டுத் தணிக்கையாளர்கள் சுருளிலிருந்து வெட்டி நீக்கிய பின்பே ஒளிபரப்புக்கு அனுமதித்தார்கள். வெட்டிய துண்டுகள் அலுவலகக் கோப்புகளோடு சேமிக்கப்பட்டு, பின்னர் அந்நாட்டுத் தேசிய ஆவணக்காப்பகத்தை அடைந்தன. ஆர்வலர்கள் இருவர் 1996இல் அவற்றைக் கண்டுபிடித்தபோது, 'தி மேக்ரா டெரர்', 'ஃபியூரி ஃப்ரம் தி டீப்' போன்ற, ஓர் அத்தியாயம்கூட எஞ்சாத கதைகளின் அசையும் காட்சிகள் மீண்டும் உலகுக்குக் கிடைத்தன. பார்க்கத் தகாதது என்று விலக்கப்பட்ட சில நொடிகள் நிலைத்தன. பார்க்கலாம் என்று அனுமதிக்கப்பட்ட மணிக்கணக்கான காட்சிகள் மறைந்தன. முதல் கதாநாயகரான வில்லியம் ஹார்ட்னெல் விடைபெற்று, பாட்ரிக் டிரவுட்டன் அவரிடத்தில் தோன்றும் புகழ்பெற்ற உருமாற்றக் காட்சி 1966 அக்டோபர் 29 அன்று ஒளிபரப்பானது; அந்த அத்தியாயமும் இன்று இல்லை. உருமாற்றம் நிகழும் சில நொடிகள் மட்டும், 'புளூ பீட்டர்' என்ற சிறுவர் நிகழ்ச்சி 1973இல் அவற்றை எடுத்துக் காட்டியதனால் உயிர்தப்பின.

படம் போனாலும் ஒலி போகவில்லை என்பதும் குறிப்பிடத்தக்கது. ஒலிநாடாக் கருவியைத் தொலைக்காட்சிப் பெட்டியருகே வைத்து ஒவ்வொரு வாரமும் பதிவுசெய்த இளம் நேயர்கள் சிலரின் உழைப்பால், காணாமற்போன எல்லா அத்தியாயங்களின் ஒலியும் முழுமையாக இன்று கிடைக்கிறது. ஜான் கியூரா என்ற புகைப்படக் கலைஞர், ஒளிபரப்பாகும் நிகழ்ச்சியை வீட்டுத் திரையிலிருந்தே இடைவெளி விட்டு இடைவெளி விட்டுப் படமெடுத்து, நடிகர்களுக்கும் இயக்குநர்களுக்கும் விற்கும் தொழில் நடத்திவந்தார். ஒளிநாடாவை வீட்டில் வைத்துப் பார்க்க முடியாத அக்காலத்தில், தம் வேலை எப்படித் திரையில் வந்தது என்று ஒரு நடிகர் அறிய அதுவே வழி. 1969இல் கியூரா மறைந்தார். கேவர்ஷாமில் உள்ள பிபிசியின் எழுத்தாவணக் காப்பகத்தில் கோப்புகளிடையே கிடந்த அவருடைய சிறு படங்களும் நேயர்களின் ஒலிப்பதிவுகளும் சேர்ந்தே, அழிந்த அத்தியாயங்களை ஓவிய அசைவுப் படங்களாக மீட்டுருவாக்குவதற்கு அடித்தளமாயின. அவ்வகையில் முதலாவதாக 'தி இன்வேஷன்' கதையின் விடுபட்ட அத்தியாயங்கள் 2006இல் வெளியாயின.

கிடைத்த சுருளும் மூலத்துக்கு நிகரானதன்று. நாடா நொடிக்கு 50 முறை படத்தைப் புதுப்பிக்கும். சுருளில் பதிவாவதோ நொடிக்கு 25 படங்களே என்பதால், நேரடி ஒளிபரப்புக்கே உரிய வழுக்கும் அசைவு அதில் காணாமற்போகிறது. இரு படங்களுக்கு இடைப்பட்ட நிலையைக் கணினி கணித்து நிரப்பும் விட்ஃபயர் என்ற முறை, அந்த அசைவை ஏறத்தாழத் திரும்பக் கொண்டுவருகிறது.

நாடாத் தட்டுப்பாடு பிரிட்டனோடு நிற்கவில்லை. 1969 ஜூலையில் அப்போலோ 11 நிலவில் இறங்கியபோது, அங்கிருந்து வந்த மெதுவரி ஒளிக்காட்சி நொடிக்கு 10 படங்களும் 320 வரிகளும் கொண்ட தனி வடிவத்தில் இருந்தது. கலிஃபோர்னியாவின் கோல்ட்ஸ்டோனிலும் ஆஸ்திரேலியாவின் ஹனிசக்கிள் கிரீக், பார்க்ஸ் ஆகிய இடங்களிலும் அமைந்த ஏற்பு நிலையங்கள் அதைப் பெற்றன; பின் அது வழக்கமான தொலைக்காட்சி வடிவத்துக்கு மாற்றி அனுப்பப்பட்டது. மாற்றத்தின்போது தெளிவு பெரிதும் குறைந்தது, உலகம் பார்த்தது அந்த மங்கிய படத்தையே. மாற்றப்படாத மூல அலைகள், விண்கலத்தின் அளவீட்டுத் தரவுகளோடு ஒரு அங்குல அகல நாடாக்களில் 14 தடங்களில் பதிவாகியிருந்தன. பொறியாளர் ரிச்சர்ட் நஃப்ஸ்கர் உள்ளிட்ட குழு ஆண்டுக்கணக்கில் தேடியபின், அந்நாடாக்கள் பிற்காலத்தில் செயற்கைக்கோள் தரவுகளைப் பதிவதற்காக அழித்து மறுபயன்பாட்டுக்கு விடப்பட்டிருக்க வேண்டும் என்ற முடிவை நாசா 2009இல் வெளியிட்டது. நிலவில் மனிதன் முதல் அடி வைத்த காட்சியும் ஒரு மலிவு நாடகமும் ஒரே கணக்குப்புத்தக நியாயத்துக்கு இரையாகியிருக்கின்றன. நாசாவும், கிடைத்த ஒளிபரப்புப் பிரதிகளைத் தொலைக்காட்சி நிறுவனங்களின் காப்பகங்களிலிருந்து திரட்டிச் செப்பனிட வேண்டியதாயிற்று.

அமெரிக்காவிலிருந்து பிரிட்டனுக்கு ஒரு நன்கொடையும் வந்தது. நியூயார்க்கின் கல்வித் தொலைக்காட்சி வலையமைப்புக்கு 1960களில் அனுப்பப்பட்ட பிரிட்டிஷ் நாடகப் பிரதிகள் பின்னர் வாஷிங்டனில் உள்ள காங்கிரஸ் நூலகத்தைச் சேர்ந்திருந்தன. ஷான் கானரி நடித்த 'கொலோம்ப்' உட்பட 60க்கும் மேற்பட்ட நாடகங்கள் அங்கிருந்து 2010இல் தாயகம் திரும்பின. பிரிட்டிஷ் திரைப்படக் கழகம் 1993 முதல் நடத்திவரும் 'மிஸ்ஸிங் பிலீவ்டு வைப்டு' நிகழ்வு, இவ்வாறு மீண்டவற்றைப் பொதுமக்களுக்குத் திரையிட்டுக் காட்டுகிறது.

இனி மீளக்கூடியவை பெரும்பாலும் தனியார் சேகரிப்பாளர்களிடமே இருக்க முடியும். அவர்களுடைய தயக்கத்துக்கு வரலாறு உண்டு. நகைச்சுவைக் கலைஞர் பாப் மங்க்ஹவுஸ் படச்சுருள்கள் சேர்த்து வைத்திருந்ததற்காகக் குற்றஞ்சாட்டப்பட்டு, 1979இல் விடுதலை பெற்றார். அதே மங்க்ஹவுசின் மறைவுக்குப் பிறகு, அவர் சேகரிப்பிலிருந்தே அழிந்துபோனதாகக் கருதப்பட்ட நிகழ்ச்சிகள் வெளிவந்தன. அழிக்கச் சொல்லப்பட்ட சுருளைக் குப்பையிலிருந்து எடுத்து வீட்டுக்குக் கொண்டுசென்றவர் சட்டத்தின் கண்ணில் திருடராகத் தோன்றியிருக்கலாம்; காப்பகம் இன்று கொண்டாடும் பல மீட்புகள் அத்தகையவரின் கையால் நிகழ்ந்தவையே என்பதை ஒப்புக்கொண்டு, வழக்கு அச்சமின்றி அவர்கள் முன்வர வழி செய்வது நிறுவனங்களின் கடமை. காலமும் இதில் எதிராளி. அசிடேட் சுருள்கள் வெப்பத்திலும் ஈரத்திலும் சிதைந்து, வினிகர் நெடி வீசிச் சுருங்கி, ஒரு கட்டத்துக்குப் பின் எந்தக் கருவியிலும் ஓட மறுக்கும். சேகரித்தோர் பலர் முதுமையில் இருக்கிறார்கள், பெட்டிக்குள் என்ன இருக்கிறதென்று அவர்களுடைய வாரிசுகளுக்குத் தெரிவதில்லை. 1965 கிறிஸ்துமஸ் நாளில் ஒளிபரப்பான 'தி ஃபீஸ்ட் ஆஃப் ஸ்டீவன்' அத்தியாயம் எந்த வெளிநாட்டுக்கும் விற்பனைக்கே அனுப்பப்படவில்லை. அதனைப் பொறுத்தவரை தேடிச் செல்வதற்கு ஒரு முகவரிகூட இல்லை.