தீட்டல்ல, தேக தர்மம்

சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக் கழகம் தோன்றிய 1929-ஆம் ஆண்டிலேயே, அமெரிக்காவில் டாய்ஸியும் ஜெர்மனியில் புடெனான்டும் கர்ப்பிணிகளின் சிறுநீரிலிருந்து ஈஸ்ட்ரோன் என்னும் ஹார்மோனைப் பிரித்தெடுத்தனர். மூளையடியிலுள்ள பிட்யூட்டரி ஏவ, சூலகத்தில் ஊறும் ஈஸ்ட்ரோஜன் கருப்பையின் உட்படலத்தை வளர்க்கிறது; முட்டை வெளிப்பட்டபின் புரோஜெஸ்டிரோன் அதைப் பேணுகிறது. கரு தரிக்காவிடில் இரண்டும் குறைய, உட்படலம் உதிரத்துடன் கழிகிறது. இதில் தீட்டு எங்கே வந்தது?

பூப்பெய்திய ஓரிரு ஆண்டுகள் நாள் முன்பின்னாவது இயல்பே. ஆனால் மூன்று மாதம் நின்றுவிட்டாலும், உதிரம் மிகுந்தாலும், தைராய்டு முதலிய சுரப்பிகளின் கோளாறாக இருக்கலாம். தாயத்தைத் தேடாது, கடலூரிலும் சிதம்பரத்திலும் உள்ள அரசாங்க ஆஸ்பத்திரிகளை நாடுவதே விவேகம்.

மாதந்தோறும் வகுப்பில் சில பெண்களின் இடம் காலியாவதை நாம் கண்டு வருகிறோம். ஹார்மோன் செய்யும் வேலைக்காக அவர்கள் ஏன் பாடத்தை இழக்க வேண்டும்?