தொப்பூர் ஏற்றத்தில் மட்டும் பழைய கார் திணறுவது ஏன்?

சேலத்திலிருந்து தருமபுரிக்கு வரும் வழி. சமதளத்தில் ஒழுங்காக ஓடிய பழைய மாருதி 800, தொப்பூர் கணவாயில் வெட்டி வெட்டி இழுக்கிறதா?

அதற்கு மூன்று சிலிண்டர்கள். ஒரே உரலில் மூன்று பேர் மாற்றி மாற்றிச் சாமை குத்துவதுபோல. ஓர் உலக்கை தவறினாலும் தாளம் கெட்டுவிடும்.

ஏற்றத்தில் மட்டும் ஏன்? ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க, உள்ளே காற்றும் பெட்ரோலும் நெருக்கித் திணிக்கப்படுகின்றன. அந்த நெரிசலில் பொறி தாவ அதிக மின்னழுத்தம் வேண்டும். தேய்ந்து, முனை இடைவெளி அகன்ற பிளக் அங்கேதான் தோற்கிறது.

எஞ்சின் ஆறியதும் பிளக்குகளைக் கழற்றுங்கள். பெட்ரோலில் நனைந்திருப்பதைப் பக்கத்துச் சிலிண்டருக்கு மாற்றுங்கள். கோளாறும் கூடவே போனால் பிளக்தான் குற்றவாளி. போகவில்லையா? ஒயரைப் பாருங்கள், உறை விரிசலில் மின்சாரம் கசியலாம்.

பிளக்கில் எஞ்சின் ஆயில் பிசுக்கா? பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கலாம். அது பர்ஸைப் பதம்பார்க்கும் வேலை!