கடலாட்டும் காட்டுப்பள்ளித் தீவும்

விடுமுறை நாட்களில் வெயில் நிறைந்த தீவுகளை நாடிச் சென்று, நீந்தியும் படகு செலுத்தியும் மணலில் ஓடியாடியும் உடலுக்கு உரமூட்டிக்கொள்ளுதல் மேனாட்டார் வழக்கமென்றே நம்மிற் பலர் கருதுகின்றனர். மாலைத்தீவு, பாலி முதலிய பெயர்களைக் கேட்டவளவில், அவ்வின்பம் செல்வர்க்கே உரியதென்று பெருமூச்சு விடுவாரும் உளர். இவ்விரு கருத்தும் பொருந்தாவென்பதையும், வடசென்னைக் கரையில் அவ்வின்பம் குன்றி வருதற்குரிய காரணத்தையும் ஈண்டு ஒருவாறு விளக்க முற்படுகின்றோம்.

கடலாடுதல் தமிழர்க்குப் புதியதன்று. காவிரிப்பூம்பட்டினத்துப் பரதவர் முழுமதி நாளில் மீன்வேட்டைக்குச் செல்லாது கரையில் மகிழ்ந்திருந்த செய்தியைக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் பட்டினப்பாலையில் விரித்துரைக்கின்றார். அவர்கள் கடலில் மூழ்கினர்; உப்புப் போக ஆற்றுநீரிற் படிந்தனர்; நண்டுகளைத் துரத்தினர்; அலைகளில் திளைத்தனர்; மணலாற் பாவை செய்தனர். ஓயாது உழைப்பார்க்கு ஓய்வும் விளையாட்டும் இன்றியமையாதன என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ? ஊழியத்தால் இளைத்த சீடரைத் தனித்ததோர் இடஞ்சென்று இளைப்பாறுமாறு நம் ஆண்டவர் பணித்தபோது, அவர்கள் சென்றதும் படகேறியன்றோ?

நிற்க. நம் நகருக்கு அண்மையில் அத்தகைய தீவு உண்டோவெனின், உண்டு. எண்ணூருக்கு வடபால் கிடக்கும் காட்டுப்பள்ளித் தீவே அது. அதன் கிழக்கே வங்கக்கடல். மேற்கே பக்கிங்காம் கால்வாயும் உப்பங்கழிகளும். தெற்கே கொசத்தலையாறு கடலொடு கலக்கும் முகத்துவாரம். வடக்கே பழவேற்காட்டு ஏரி. சென்னையையும் எண்ணூரையும் இணைக்கும் கால்வாய் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெட்டப்பட்டது. ஆங்கிலேயர் ஆட்சியில் எண்ணூர், படகோட்டவும் இளைப்பாறவும் சென்னைவாசிகள் விரும்பிச் செல்லும் இடமாயிருந்தது. இன்றோ அப்பெயரைக் கேட்டவுடன் புகைபோக்கியே நம் நினைவுக்கு வருகின்றது. இம்மாற்றத்தின் காரணம் யாது?

முதற்காரணம் மணலின் இயல்பை நாம் மறந்தமையே. கரைமணல் ஓரிடத்தே நிலைத்து நிற்பதன்று. அலைகளோடு அஃது இடையறாது நடந்துகொண்டே இருக்கின்றது. தெற்கினின்று வடக்கே செல்லும் நீரோட்டத்தைத் ‘தெண்டி’ எனவும், வடக்கினின்று தெற்கே வருவதை ‘வண்ணி’ எனவும் நம் மீனவர் வழங்குவர். ஆண்டின் பெரும்பகுதியில் தென்கிழக்கினின்று வரும் அலைகள் மணலை வடக்கே தள்ளுகின்றன. வடகிழக்குப் பருவகாலத்தில் மணல் தெற்கே திரும்புகின்றது. வரவு செலவு பார்க்குமிடத்து, வடக்கே செல்லும் மணலே மிகுதி.

1875ஆம் ஆண்டில் சென்னைத் துறைமுகத்திற்கு அடிக்கல் நாட்டப்பட்டது. கடலுள் நீண்ட அதன் சுவர்கள் இம்மணல் நடையைத் தடுத்தன. தெற்கே தேங்கிய மணல் கரையை அகலமாக்கிற்று. நாம் மாலைதோறும் உலாவும் மெரீனாவின் பரப்பு அவ்வாறு பெருகியதே. வடக்கே இராயபுரம், திருவொற்றியூர்க் கரைகளிலோ அலைகள் எடுத்துச் சென்ற மணலுக்கு ஈடாக மணல் வந்து சேரவில்லை. கரை தேய்ந்தது, குப்பங்களில் வீடுகள் கடல்வாய்ப்பட்டன. எஞ்சியதைக் காக்கப் பாறைகள் கொட்டப்பட்டன. ஒரு சுவரே தென்சென்னைக்கு விளையாட்டிடம் அளித்து, வடசென்னையினின்று அதனைப் பறித்ததென்னலாம்.

பாறைக்கரையில் நீராடுதல் உயிர்க்கு ஊறு விளைப்பது. காலூன்ற மணலில்லை, பாசி வழுக்கும், அலை உடலைக் கல்லின்மேல் மோதும். மணற்கரையிலும் கடலுள் ஈர்க்கும் ஓட்டங்கள் உண்டு. அவற்றுட் சிக்கினார் எதிர்த்து நீந்திக் களையலாகாது. கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, ஓட்டத்தைக் கடந்த பின்னரே கரை நோக்குதல் வேண்டும். உள்ளூர் மீனவர் வேண்டாவென்று விலக்கும் இடத்தில் இறங்காமை அதனினும் நன்று.

இரண்டாவது காரணம் கழிக்கு நேர்ந்த கேடு. அனல்மின் நிலையச் சாம்பல் எண்ணூர்க் கழியிற் படிந்து நீரின் ஆழத்தைக் குறைத்தது. 2017ஆம் ஆண்டு சனவரி 28ஆம் நாள் இரு கப்பல்கள் மோதியதனால் எண்ணெய் கரையெங்கும் ஒதுங்கிற்று; மீனவரும் மாணவரும் வாளிகொண்டு அதனை அள்ளினர். 2023ஆம் ஆண்டு திசம்பரில் புயல்வெள்ளத்தோடு எண்ணெய் மீண்டும் கழியிற் புகுந்து, வலைகளையும் படகுகளையும் கறைப்படுத்தியது. விளையாடச் செல்வார்க்கு இஃது ஒருநாள் ஏமாற்றம்; இறாலும் நண்டும் பிடித்து வாழ்வார்க்கோ உணவே போயிற்று.

காட்டுப்பள்ளித் தீவின் கடல்முகத்திலும் 2001ஆம் ஆண்டில் காமராசர் துறைமுகமும், 2013இல் காட்டுப்பள்ளித் துறைமுகமும் செயற்படத் தொடங்கின. மணலின் விதி அங்கு மட்டும் மாறுமோ? துறைமுகமும் மின்சாரமும் நாட்டுக்கு வேண்டுவனவே. அவற்றை யாம் பழிக்கவில்லை. ஆயினும் சுவர் எழுப்புவார் அதற்கு வடபால் தேயும் கரைக்கும் கடன்பட்டவராவர். தேங்கிய மணலை எடுத்து வடபால் சேர்த்தல் ஒரு வழி. புதுச்சேரியில் 2018ஆம் ஆண்டளவில் நீருள் அமைத்த தடுப்பினால் இழந்த கரையின் ஒரு பகுதி மீண்டமை, முயன்றால் முடியுமென்பதைக் காட்டுகின்றது.

மாணவ நண்பர்களே! தொலைத்தீவுகளுக்குச் செல்ல நம்மிற் பலர்க்குப் பொருளில்லை. நாம் வேண்டுவது, ஒரு மணி நேரத்திற் சென்று சேரத்தக்க, கால் பதிய மணலுள்ள கரையே. அதனைக் கேட்கும் உரிமை இராயபுரத்துச் சிறுவனுக்கும் உண்டு. நாம் விடுமுறையில் அவ்வழிச் செல்வோமாயின், மீனவரின் விருந்தினராய்ச் சென்று, அவர் படகிலேறி, அவர் சொற்கேட்டு, குப்பை விடாது திரும்புவோமாக. பரதவர் மணலாற் பாவை செய்து மகிழ்ந்த கரையை நமக்குப் பின் வருவாரும் காண இறைவன் அருள்புரிவானாக.