சுவரையும் சேர்த்து அளக்க வேண்டும்

பல்புப் பெட்டியில் வாட், லூமென் என்று இரண்டு எண்கள். டிவி, கைத்தொலைபேசி விளம்பரங்களில் நிட். சினிமாத் திரைக்கு ஃபுட்-லாம்பர்ட். எல்லாமே வெளிச்சத்தின் அளவுதானே என்று நாம் இவற்றை ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். இந்தக் குழப்பத்தால் உண்மையில் நட்டப்படுகிறவர்கள், யட்டியாந்தோட்டையைச் சுற்றியுள்ள இறப்பர், தேயிலைத் தோட்டங்களின் லயக் காம்பராக்களில் இருட்டிய பிறகு புத்தகம் விரிக்கும் பிள்ளைகள். வீட்டு வெளிச்சத்தைப் பல்பை வைத்து மட்டும் கணக்கிடுவது தவறு. சுவரையும் சேர்த்தே கணக்கிட வேண்டும்.

வாட் என்பது பல்பு தின்னும் மின்சாரம்; அது வெளிச்சமே அல்ல. பழைய 60 வாட் குண்டு பல்பு தந்த ஏறக்குறைய 800 லூமெனை இன்று 9 வாட் எல்.ஈ.டி. தந்துவிடுகிறது. லூமென் என்பது விளக்கிலிருந்து புறப்படும் மொத்த ஒளி. அதில் ஒரு சதுர மீற்றர் பரப்பில் எவ்வளவு வந்து விழுகிறது என்பது லக்ஸ். விழுந்த இடத்திலிருந்து நம் கண்ணை நோக்கி எவ்வளவு வருகிறது என்பதுதான் ஒளிர்வு. அதன் அலகு சதுர மீற்றருக்கு ஒரு கன்டெலா, சுருக்கமாக நிட். மெழுகுவர்த்திச் சுடர் சுமார் 10,000 நிட், முழுநிலா சுமார் 2,500 நிட். கண் பார்ப்பது இந்தக் கடைசி அளவை மட்டுமே.

லக்ஸிலிருந்து நிட்டுக்குப் போகும் வழி எளிது. பளபளப்பில்லாத ஒரு பரப்பில் விழும் லக்ஸை, அது திருப்பி அனுப்பும் பங்கால் பெருக்கி, 3.14ஆல் வகுத்தால் போதும். அத்தகைய பரப்பு எந்தக் கோணத்திலிருந்து பார்த்தாலும் ஒரே அளவு பிரகாசமாகத் தெரியும் என்ற விதியை ஜொஹான் லாம்பர்ட் 1760இல் வெளியிட்டார். ஒளி எல்லாத் திசைக்கும் பரவுவதால்தான் கணக்கில் 3.14 வந்து சேர்கிறது. அவர் பெயரிலான பழைய அலகுகளில் இந்த வகுத்தல் ஏற்கெனவே அடங்கியிருக்கிறது: 1 ஃபுட்-லாம்பர்ட் 3.426 நிட், 1 லாம்பர்ட் ஏறக்குறைய 3,183 நிட். யட்டியாந்தோட்டையிலிருந்து ஹட்டன் வீதியில் மேலே ஏறினால் வரும் கித்துல்கலவில் படமாக்கி 1957இல் வெளியான ‘தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் க்வாய்’ போன்ற படத்தை இன்று டிஜிட்டல் முறையில் திரையிட்டால், வெள்ளைத் திரைக்குரிய நியமம் 14 ஃபுட்-லாம்பர்ட், அதாவது 48 நிட். சினிமாக்காரர்கள் புரொஜெக்டரின் வாட்டோடு நின்றுவிடாமல் திரையிலிருந்து திரும்பும் ஒளியை அளக்கிறார்கள்.

அதே கணக்கை லயத்துக்குக் கொண்டுவருவோம். பெரும்பாலும் 10 அடிக்கு 12 அடி காம்பரா, பக்கத்தில் விறகடுப்பு. சுவரில் 60 லக்ஸ் விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். புதிதாகச் சுண்ணாம்பு அடித்த சுவர் நூற்றுக்கு 80 பங்கு ஒளியைத் திருப்பினால், ஒளிர்வு சுமார் 15 நிட். புகைக்கரி படிந்து 10 பங்கு மட்டுமே திருப்பினால் 2 நிட்கூட இல்லை. பல்பும் அதே, மின்கட்டணமும் அதே. கண்ணுக்கு வருவதோ எட்டில் ஒரு பங்கு. வெள்ளைச் சுவர் திருப்பும் ஒளி கொப்பியிலும் விழுவதால், எழுத்தும் கூடுதலாகத் துலங்கும்.

கண் இருட்டுக்குப் பழகிக்கொள்ளும், ஒளி எட்டு மடங்கானாலும் எட்டு மடங்காகத் தெரியாது என்று சொல்லலாம். உண்மைதான். ஆனால் ஒரே பார்வையில் பல்லாயிரம் நிட் கொண்ட மூடியில்லாத பல்பும் 2 நிட் சுவரும் சேர்ந்து விழும்போது, கண்ணால் இரண்டுக்கும் ஒருசேரப் பழக முடியாது. கூசுவது அதனால்தான். பெரிய பல்பு போட்டால் தீராதா? அதே அளவுக் குமிழில் இரட்டிப்பு லூமென் போட்டால், சுவரின் ஒளிர்வு இரட்டிப்பாகும். பல்பின் ஒளிர்வும் இரட்டிப்பாகும். இரண்டுக்கும் உள்ள விகிதம் அப்படியே நிற்கும். அதைக் குறைப்பது சுண்ணாம்புதான்.

அடுப்பு எரிகிற வரை கரி மறுபடி படியத்தானே செய்யும் என்ற கேள்வி இன்னும் நியாயமானது. அதற்காகச் சுண்ணாம்பை விட்டுவிட முடியாது. புகைபோக்கியையும் சேர்த்தே கேட்க வேண்டும். லயத்துக்கு மின்சாரம் கொடுத்தாயிற்று என்று கணக்கை முடிக்கிறவர்கள், லூமென் வரைதான் வந்திருக்கிறார்கள். பிள்ளையின் கண்ணுக்கு வந்து சேர்வது எத்தனை நிட் என்பதே மீதிக் கணக்கு. ஒரு லக்ஸ் மானியும் ஒரு வகுத்தலும் இருந்தால் அதை எந்தத் தோட்டத்திலும் போட்டுப் பார்க்கலாம். வீடு திருத்தும் திட்டங்களில் அந்தக் கணக்கையும் கட்டாயமாக்க வேண்டும்.