மலிவு வேறு, மதிப்பு வேறு!

பல்கலைக்கழகம் பொருள் வாங்கினால் நமக்கென்ன என்கிறார்கள் சிலர். நமக்குத்தான், தோழர்களே! அங்கே செலவாவது ஆலைத் தொழிலாளியும் அங்காடியில் மூட்டை தூக்குபவரும் கொடுத்த வரிப்பணம். அங்கே படிப்பது அவர்கள் வீட்டுப் பிள்ளை!

வேண்டியவருக்கே வேலை என்ற வழக்கத்துக்கு வேலி போடத்தான் 1998இல், கலைஞர் ஆட்சியில், தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டம் பிறந்தது. பல்கலைக்கழகங்களும் அதற்குக் கட்டுப்பட்டவையே. தகுதியுள்ள புள்ளிகளிலே குறைந்த விலையை ஏற்றுக்கொள் என்கிறது சட்டம்.

நல்ல சட்டம்! ஆனால் அதைக் காட்டியே கைகழுவுவோரும் உண்டு. ஆய்வுக்கூடத்து நுண்ணோக்கி மங்கலாகத் தெரிகிறதே என்றால், "என்ன செய்வது? குறைந்த விலைக்குத்தான் வாங்கவேண்டும்" என்பார்கள். மங்கலான கண்ணாடியை வாங்கு என்றா சட்டம் சொன்னது? எந்தத் தரம் வேண்டும், எத்தனை ஆண்டு உத்தரவாதம் வேண்டும், பழுதானால் யார் வந்து பார்க்கவேண்டும் என்றெல்லாம் டெண்டரிலே எழுதவேண்டியது யார்? வாங்குகிறவர்! எழுதும்போது உறங்கிவிட்டு, பொருள் வந்தபின் சட்டத்தின்மீது பழி போடுவது என்ன நியாயம்?

இன்னொன்று மார்ச் மாதத்து நோய். நிதியாண்டு ஏப்ரலில் தொடங்குகிறது. அப்போதே தேவைப் பட்டியல் போட்டால் நிதானமாக வாங்கலாம். போடுவதில்லை! மார்ச் 31 நெருங்கியதும், பணம் திரும்பிவிடுமே என்ற பதைபதைப்பு. அவசரத்திலே ஆர்டர் போகிறது. கருவி வந்து சேரும்போது செய்முறைத் தேர்வே முடிந்துவிடுகிறது. கணக்கிலே செலவு உண்டு. மாணவன் கையிலே கருவி இல்லை!

மூன்றாவது கேடு, பாக்கி. குறு, சிறு தொழில்களுக்கு 45 நாட்களுக்குமேல் பாக்கி வைக்கலாகாது என்கிறது 2006ஆம் ஆண்டு ஒன்றியச் சட்டம். இழுத்தடித்தால் என்ன ஆகும்? பட்டறைக்காரர் அடுத்த முறை வட்டியையும் விலையிலே சேர்ப்பார். அல்லது வரவே மாட்டார். போட்டி குறையும், விலை ஏறும், பட்டறைத் தொழிலாளியின் கூலி நிற்கும்!

கோப்பு ஒழுங்காக இருப்பது மட்டும் கொள்முதலின் வெற்றியாகாது. 2005ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் நம் கையிலே இருக்கிறது. கேளுங்கள் மூன்று கேள்வி: கருவி எந்நாளில் வந்தது? எந்நாளில் இயங்கியது? எந்நாளில் பணம் தரப்பட்டது?

பணம் நம்முடையது, பிள்ளை நம்முடையவன். கேட்கும் உரிமையும் நம்முடையதே!