உப்பு ஜாடியும் பிரேக் ஆயிலும்

ஆடி மழையில் பந்தலூர் வீட்டு உப்பு ஜாடியைத் திறந்து பார்த்தவருக்கு பிரேக் ஆயிலைப் பற்றிப் பாதி விஷயம் தெரிந்த மாதிரிதான். போன வாரம் அக்கா மகன் வந்தபோது நான் அங்கிருந்துதான் ஆரம்பித்தேன். செகண்ட் ஹேண்டில் ஒரு போலோ கார் வாங்கியிருக்கிறான். கோவை செட்டிபாளையத்தில் இருக்கிற கரி மோட்டார் ஸ்பீட்வேயில் ஒரு நாள் ஓட்டிப் பார்க்கப் போகிறானாம். ஒரு சுற்று 2.1 கிலோமீட்டர்.

"மாமா, பெரிய டிஸ்க் மாத்திடட்டுமா?"

"உட்காரு. முதல்ல கட்டஞ்சாயா குடி."

அடுப்பில் தண்ணீர் சூடாவதற்குள் ஒரு கணக்குப் போட்டோம். ஆளோடு சேர்த்து 1,200 கிலோ வண்டி. நேர்ப்பாதையில் 144 கிலோமீட்டர் வேகத்தில் வந்து, வளைவுக்கு 72க்குக் குறைக்கிறான். வேகம் பாதியானால் வண்டியின் ஆற்றலில் முக்கால் பங்கு போய்விடும். அது அவ்வளவும் பிரேக்கில் சூடாக இறங்குகிறது. இரண்டேகால் லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்க அந்தச் சூடு போதும். என் அடுப்பு பத்து நிமிஷம் எடுக்கிற வேலை, அங்கே மூன்றே விநாடியில் முடிகிறது. அடுத்த வளைவில் மறுபடியும்.

"கல்லட்டியில இறங்கியிருக்கேனே" என்றான். 36 கொண்டை ஊசி வளைவு, உண்மைதான். ஆனால் அங்கே இரண்டாம் கியரில் போட்டால் இன்ஜினே பாதி பாரத்தைப் பிடித்துக்கொள்ளும். கியரை மறந்து காலைப் பிரேக்கிலேயே வைத்து இறங்குகிறவர்களின் வண்டிதான் கருகல் வாசனையோடு ஓரம் கட்டும். டிராக்கிலும் வேகத்தைக் குறைக்கிற பாரம் பெரும்பாலும் பிரேக் மேல்தான் விழுகிறது.

இனி ஆயில் விஷயம். நம் கால் அழுத்தத்தைச் சக்கரம் வரை கொண்டுபோவது அந்தத் திரவம்தான். திரவம் அமுங்காது, அதனால்தான் பிரேக் பிடிக்கிறது. அது கொதித்து ஆவிக் குமிழ் வந்துவிட்டால், ஆவி அமுங்கும். பெடல் தரை வரை போகும், வண்டி நிற்காது. காலை எடுத்து அழுத்தம் குறைகிற நேரத்தில்தான் குமிழ் சுலபமாகக் கிளம்பும். அதனால் போன வளைவில் பிடித்த பிரேக், இந்த வளைவில் இல்லாமல் போகலாம்.

டாட் 4 ஆயில் புதிதில் குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்கக் கூடாது என்பது விதி. ஆனால் அது உப்பு மாதிரி ஈரத்தை இழுக்கிற சரக்கு. ரப்பர் ஹோஸ் வழியாகக்கூட இழுக்கும். நூற்றுக்கு மூன்று நான்கு பங்கு தண்ணீர் ஏறிவிட்டால் அதே விதி 155 டிகிரியோடு திருப்திப்பட்டுக்கொள்கிறது. நம் ஊர் மழையில் இரண்டு வருஷம் நின்ற வண்டியில் எது இருக்கும் என்று சொல்ல வேண்டுமா? ரேஸ் ஆயில்கள் 300 டிகிரியைத் தாண்டும். அதையும் அடிக்கடி மாற்ற வேண்டும். திறந்த பாட்டிலில் மிஞ்சியதை அலமாரியில் வைக்காதே. டாட் 5 என்று ஒன்று உண்டு, சிலிக்கான். அதைத் தொடாதே. டாட் 5.1 வேறு சங்கதி, அது ஊற்றலாம். இப்படிப் பெயர் வைத்த புண்ணியவானை என்ன சொல்ல!

டிஸ்க்குக்குச் சேர்த்த காசு அப்படியே இருக்கட்டும். ஆயிலும் பிரேக் பேடும் போதும். பெடல் கல் மாதிரி இருந்தும் வண்டி நிற்கவில்லை என்றால் பேட் சூடேறி வழுக்குகிறது. பெடல் பஞ்சு மாதிரி அமுங்கினால் ஆயில். இந்த இரண்டையும் கால் பிரித்துச் சொல்லிவிடும். டிராக் பேடை இங்கேயே மாட்டிக்கொண்டு கிளம்பாதே. அது சூடானால்தான் பிடிக்கும். காலை ஆறு மணிக்கு, மழையில், நாடுகாணிச் சரிவில் அது உன்னைக் கைவிடும். அங்கே போய் மாட்டு.

சாயா முடிந்ததும் வாசலிலேயே பழைய ஆயிலை வெளியே தள்ளி ஏர் எடுத்தோம். அவன் சீட்டில், நான் சக்கரத்தடியில். நிப்பிளில் உள்ளே தெரிகிற டியூப், அதன் நுனி பாட்டிலில். "அமுக்கு. அப்படியே பிடி." ஸ்பேனரைக் கால் திருப்பு திருப்பினேன். ஆயில் கட்டஞ்சாயா நிறத்தில் வந்தது. மூடிவிட்டுத்தான் "விடு" என்றேன். திறந்திருக்கும்போது காலை எடுத்தால் காற்றை உள்ளே இழுத்துக்கொள்ளும். நடுநடுவே மேலே டப்பாவை நிரப்பிக்கொண்டே இருந்தோம். இருபது தடவைக்கு அப்புறம் வெளுத்த தேன் நிறம் வந்தது. பெயின்டில் சிந்தியதை உடனே தண்ணீர் விட்டுக் கழுவினேன், இல்லையென்றால் பெயின்டைத் தின்றுவிடும்.

"அங்க ஓட்டி முடிச்சதும் மாமா?"

கடைசிச் சுற்றைப் பிரேக் தொடாமல் மெல்ல ஓட்டிச் சூட்டை ஆற்று. நிறுத்தியதும் கைபிரேக் போடாதே. சூட்டில் இறுக்கினால் பிடித்த இடத்திலேயே ஒட்டிக்கொள்ளும். கியரில் விட்டு, தோட்டத்து லாரிக்கு வைக்கிற மாதிரி சக்கரத்துக்கு ஒரு கட்டை வை. டிக்கியில் ஒன்று போட்டிருக்கிறேன்.