கொழுந்தைக் காக்கும் வைரஸ்

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஷிஃப்ட் முடிந்து டீக்கடையில் கூடுகிற யாருக்கும் இது தோன்றியிருக்காது: கீரையைக் கழுவுகிறோம், கத்தரிக்காயைக் கழுவுகிறோம், தேயிலையை யாரும் கழுவுவதில்லை. பறித்த கொழுந்தை வாட்டி, நசுக்கி, புளிக்கவைத்து, உலர்த்தி மூட்டை கட்டிவிடுகிறார்கள். அது முதன்முதலில் தண்ணீரைப் பார்ப்பதே நம் பாய்லரில்தான். வாரம், பத்து நாளுக்கு ஒருமுறை கொழுந்து கிள்ளும் செடியில் அடித்த மருந்து வீரியம் குறைய அவகாசமும் குறைவு. தேயிலைப் புழுவை எதை வைத்துக் கொல்கிறார்கள் என்பது டீ குடிக்கிறவர்கள் கேட்டே ஆகவேண்டிய கேள்வி.

வட வங்காளத்தின் தராய், டூவர்ஸ் பகுதிகளிலும் அசாமிலும் தோட்டங்களை மொட்டையடிப்பது ஹைபோசிட்ரா தலாகா என்ற காவடிப்புழு. முன்பு காட்டு மரங்களில் கிடந்த கறுத்த புழு அது. கொழுந்து, முற்றல் என்று பார்க்காமல் தின்னும். தோட்டங்களில் தானாகச் செத்துக் கிடந்த புழுக்களைச் சோதித்த வட வங்காளப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், அவற்றைக் கொன்றது என்.பி.வி. வகை வைரஸ் என்று கண்டார்கள்.

இந்த வைரஸ் புரதப் படிகத்துக்குள் பத்திரமாக இருக்கும். இலையோடு புழு அதையும் விழுங்குகிறது. புழுவின் நடுக்குடலில் இருப்பது சமையல் சோடாவைவிடக் கடுமையான காரம். அதில் படிகம் கரைந்து வைரஸ் வெளியேறி, செல் செல்லாகப் பரவுகிறது. நான்கைந்து நாளில் புழு விநோதமாக நடந்துகொள்ளும். சட்டை உரிக்கும் நேரத்தில் அசையாமல் இருக்கவேண்டியது, உரிக்காமல் செடியின் உச்சிக்கு ஏறும். சட்டை உரிக்கவைக்கும் ஹார்மோனை முடக்கும் ஒரு ஜீன் வைரஸிடம் இருக்கிறது. அந்த ஜீனை நீக்கினால் புழுக்கள் மேலே ஏறுவதில்லை என்று ஜிப்சி அந்துப்பூச்சியின் புழுவில் 2011-ல் அமெரிக்க ஆய்வாளர்கள் காட்டினார்கள். உச்சியில் தலைகீழாகத் தொங்கிச் சாகும் புழுவின் தோல் கிழிந்து, உள்ளே கூழாகிப்போன உடல் கீழ் இலைகளில் சொட்டும். அதில் இருப்பது கோடானுகோடி படிகங்கள். அடுத்த புழுவுக்கு அதுவே எமன்.

மனிதரையோ, தேனீயையோ இந்த வைரஸ் தொற்றாது. புழுவிலேயே பெரும்பாலும் இனத்துக்கு இனம் வைரஸ் வேறு.

வெயிலின் புற ஊதாக் கதிர் பட்டால் வைரஸ் சீக்கிரம் செயலிழக்கும். அடர்ந்த தேயிலைப் புதரோ பல்லாண்டுகள் அதே இடத்தில் நிற்கும், உள்ளே நிழலும் உண்டு. ஜப்பானின் ககோஷிமாவில் இலைசுருட்டுப் புழுக்களுக்கு எதிராக இதே குடும்பத்து வைரஸ்களை 1990-களில் ஆயிரக்கணக்கான எக்டேர் தேயிலையில் தெளித்தார்கள். பருவத் தொடக்கத்தில் தெளித்தது பின்னால் வந்த தலைமுறைப் புழுக்களையும் பிடித்தது.

குறையும் உண்டு. புழு சாக நான்கு முதல் ஏழு நாளாகும், அதுவரை தின்னும். வளர்ந்த புழுவிடம் வைரஸ் எளிதில் பலிக்காது, பொரித்த சில நாள்களுக்குள் தெளிக்கவேண்டும். தேயிலைக் கொசுவையும் சிவப்புச் சிலந்தியையும் அது தொடாது. அவற்றுக்காக ரசாயனத்தை அடித்துக்கொண்டே, புழுவுக்கு மட்டும் வைரஸ் தெளித்தால் நம் டம்ளருக்குப் பாதி நன்மைதான்.

தமிழ்நாட்டுக்கு இந்த வித்தை புதிதல்ல. ஆவடி தாண்டி ஊத்துக்கோட்டைப் பக்கம் போனால் நிலக்கடலைக் கொல்லைகள் வரும். கடலையைத் தின்னும் புரோடீனியா புழுவுக்கான என்.பி.வி.யைத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் நெடுங்காலமாகப் பரிந்துரைக்கிறது. ஆமணக்கு இலையில் வளர்த்த புழுவுக்கு நோயூட்டி, செத்த புழுக்களை அரைத்து வடிகட்டினால் மருந்து தயார். எக்டேருக்கு 250 புழுவின் வைரஸ் போதும். ஒரு புழுவிலேயே சுமார் 600 கோடி படிகங்கள். கொஞ்சம் வெல்லம் கலந்து, வெயில் தாழ்ந்த பிறகு தெளிக்கவேண்டும். வரப்போரம் ஆமணக்கு நட்டிருந்தால் தாய் அந்துப்பூச்சி அதில்தான் குவியலாக முட்டையிடும். அந்த இலைகளைத் தினம் புரட்டிப் பார்க்கிற விவசாயிக்கு, தெளிக்கவேண்டிய நாள் தானே தெரிந்துவிடும்.